பால்மரமும் பசும்புல் திடலும்

கோல்ப் என்னும் ஆட்டத்தை நம் தோட்டப்புறத்து மக்கள் நெடுங்காலம் 'துரைமார் ஆட்டம்' என்றே அழைத்து வந்தனர். அச்சொல்லில் ஏளனமும் இருந்தது, விலகலும் இருந்தது. ஆயினும், துரைமார் அடித்த பந்தின் வரலாற்றைப் புரட்டினால், அப்பந்து மலாயாக் காட்டிலும் பின்னர்த் தோட்டத்து ஆலையிலும் தொடங்கிய ஒரு பண்டம் என்பது தெரியவரும். ஆட்டம் ஸ்காட்லாந்தினுடையது. பந்தில் ஒரு பாதியேனும் இம்மண்ணுக்குச் சொந்தமாக இருந்தது. கெடாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் கோல்ப் எப்படி வேரூன்றியது, தோட்டத்துச் சிறுவன் அத்திடலுக்குள் எந்த வாயில் வழியாக நுழைந்தான், பள்ளி அணி என்னும் புதிய வாயில் அவனுக்கு எந்த அளவு திறந்தது என்பதை ஆராய விரும்புவோர், அந்தப் பந்திலிருந்து தொடங்குவதே முறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்தில் கோல்ப் பந்து என்பது தோலுறைக்குள் வாத்தின் இறகுகளை ஈரத்தோடு திணித்துத் தைக்கப்பட்ட ஒன்றாகும். ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேண்டும் என்பர். கைதேர்ந்த தொழிலாளியும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாது. ஆதலால் பந்தின் விலை மட்டையின் விலையையும் மிஞ்சி நின்றது. மழையில் நனைந்தால் அது பிய்ந்தும் போயிற்று. ஏழை எளியவர் எண்ணிப் பார்க்கும் பொருளாக அது இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது மலாய்க் காட்டின் தாபான் மரம். அம்மரத்தின் பாலை இறுகச் செய்து மலாய்க்காரர்கள் பாராங் கத்திகளுக்குப் பிடி செய்துவந்தனர். வெந்நீரில் இளகி, ஆறியபின் கல்லாக இறுகும் இப்பொருளின் தன்மையைச் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்காமரி கண்டு 1843-இல் இலண்டனுக்கு அறிவித்தார். 'கெத்தா பெர்ச்சா' என்னும் மலாய்ச் சொல்லே 'கட்டா பெர்ச்சா' என ஐரோப்பிய மொழிகளில் நுழைந்தது. 1848 அளவில் ஸ்காட்லாந்தில் இதனை உருட்டிக் கோல்ப் பந்து செய்தனர். விலை வீழ்ந்தது, மழைக்கு அஞ்ச வேண்டிய நிலையும் அகன்றது. உடைந்த பந்தையும் வெந்நீரிலிட்டு மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். கோல்ப் ஆட்டம் ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊர்களைத் தாண்டி உலகெங்கும் பரவியதற்கு இம்மலிவான பந்து ஒரு முதன்மைக் காரணம் என்பதை ஆட்ட வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் தாபான் மரத்தைப் பால்மரம்போல் கீறிப் பாலெடுப்பது வழக்கமாக இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவும் இதே பொருள் தேவைப்பட்டதால், இந்த வட்டாரத்துக் காடுகளில் தாபான் மரங்கள் மளமளவென மறைந்தன. அம்மறைவின் பெரும்பங்கு தந்திக்கும் சிறுபங்கு பந்துக்கும் உரியது.

அடுத்த மாற்றம் 1898-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிகழ்ந்தது. ரப்பர் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற அந்நகரில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர், ரப்பர் நூலை இழுத்திழுத்து உருண்டையாகச் சுற்றி, அதன்மேல் உறையிட்டால் பந்து நெடுந்தூரம் பறக்கும் எனக் கண்டார். 1899-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 1902-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தைச் சாண்டி ஹெர்ட் என்பவர் இப்பந்தைக்கொண்டு வென்றபின், பழைய பந்தைத் தொடுவார் இல்லை. தொடக்கத்தில் அந்த ரப்பர் பிரேசில் காட்டு ரப்பராக இருந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரைப் பின்தள்ளியபோது, உலகின் ரப்பர்ப் பண்டங்களில் பெரும்பாலானவற்றைப்போலவே கோல்ப் பந்தும் மலாயாவையும் அதன் அண்டை நாடுகளையும் நம்பி நின்றது. மலாயாவில் பெருந்தோட்டங்களை வைத்திருந்த டன்லப் நிறுவனமே கோல்ப் பந்தும் செய்தது. 1934-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஹென்றி காட்டன் ஒரு சுற்றை 65 அடிகளில் முடித்ததன் நினைவாக 'டன்லப் 65' என்னும் பந்து வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. விடியற்கருக்கலில் நெற்றி விளக்கோடு மரம் சீவப் போன நம் பெண்டிரும் ஆடவரும், தம் வாளியில் வழிந்த பால் எந்தெந்த உருவம் எடுத்து எங்கெங்குப் பறக்கும் என்பதை அறிந்தாரில்லை.

பந்துக்கு இவ்வளவு. திடலின் கதை வேறு.

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் கோல்ப் போயிற்று. கல்கத்தாவில் 1829-இலும் பெங்களூரில் 1876-இலும் கோல்ப் கழகங்கள் தோன்றிவிட்டன. சிங்கப்பூரில் 1891-இலும் கோலாலம்பூரில் 1893-இலும் கழகங்கள் அமைந்தன. 1894-இலேயே தொடங்கிய மலாயா அமெச்சூர் கோல்ப் போட்டி ஆசியாவின் மிகப் பழைய போட்டிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மலாயாக் கோல்ப் சங்கம் 1929-இல் உருவாயிற்று. கெடா இவ்வரிசையில் பிந்தியே வந்தது. அதற்குக் காரணம் அரசியல். 1909-ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கைக்குப் பிறகே சயாமின் மேலாண்மை நீங்கி, கெடா பிரிட்டிஷ் ஆலோசகரின் கீழ் வந்தது. ரப்பர் விலை உச்சத்தில் நின்ற காலமும் அதுவே. கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் என்று கெடாவின் தென்பகுதி முழுவதும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. இராசேந்திர சோழனின் படையெடுப்பால் தமிழர் நினைவில் நிலைத்த கடாரத்து மண்ணில், ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழர் கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்து இறங்கினர். படைநடத்தி வந்த பெருமையைப் பேசும் மேடைகளில் இப்பிந்திய வருகை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தோட்டத்துரைகளில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். அவர்களுக்குக் கோல்ப் என்பது ஊர் நினைவு. நகரத்துக் கிளப், அதனையொட்டி டென்னிஸ் களம், வாய்ப்புள்ள இடங்களில் சில குழிகள் கொண்ட ஒரு புல்வெளி என்று அவர்களின் ஓய்வு உலகம் அமைந்தது. அதற்கு அடுத்த படியில் கிராணிமார்களின் கிளப் இருந்தது. பூப்பந்தும் கேரமும் அங்கு ஆடப்பட்டன. மூன்றாம் படியில் லயத்து மக்கள். விளையாட்டிலும் இம்மூன்று படிகள் கலப்பதில்லை. கலந்தாலும், துரை மைதானத்துக்கு வந்து பரிசுக் கோப்பை கொடுத்துப் போகும் நாளில் மட்டுமே.

புல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய ரப்பர்த் தோட்டங்களில் மரத்தடியில் ஒரு புல் நுனிகூடத் தலைகாட்டக் கூடாது என்பது நிருவாகத்தின் கொள்கையாக நெடுநாள் இருந்தது. லாலான் புல்லை வேரோடு அகழ்ந்தெறிவதற்கென்றே வெளிக்காட்டுக் கூட்டம் ஒன்று நாள் முழுவதும் முதுகு வளைத்தது. அதே தொழிலாளர் வர்க்கத்தின் கைகளே கிளப்பின் புல்வெளியில் புல்லை நட்டு, நீர் வார்த்து, சமன்செய்து, பட்டுப்போல் வளர்த்தன. காலையில் புல்லை ஒழிப்பது ஒரு கூலி. மாலையில் புல்லைப் பேணுவது மற்றொரு கூலி. இம்முரண்பாட்டை எண்ணிச் சிரித்தவர்கள் அக்காலத்திலும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

சிறுவர்கள் இப்புல்வெளிக்குள் சுமைதூக்கிகளாக நுழைந்தனர். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்டறிந்து, கேட்ட மட்டையை எடுத்து நீட்டும் பணியாளை ஆங்கிலத்தில் 'கேடி' என்பர். தமிழிலோ அவ்வொலி வேறொரு பொருளை ஏற்கெனவே பெற்றிருந்தது. போலீசாரின் பதிவேட்டில் இடம்பெற்ற குற்றவாளியையும் தமிழர் 'கேடி' என்றே குறித்தனர். சொல் ஒப்புமை தற்செயலானதுதான். எனினும், பிள்ளை கேடி வேலைக்குப் போகிறான் என்பதைப் பெற்றோர் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வதற்கு இவ்வொலி ஒற்றுமையும் துணைசெய்திருக்கலாம்.

தோட்டப்பள்ளிகளின் அன்றைய நிலையும் இவ்வேலைக்கு வழிவிட்டது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், கூட்டு மலாய் மாநிலங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. கெடா தனக்கெனத் தனிச் சட்டம் கொண்ட மாநிலமாயினும், தோட்டப்பள்ளிகள் இங்கும் அதே பாங்கில் எழுந்தன. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், அவரும் சில வேளைகளில் கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார். அரைநாள் பாடம் முடிந்தால் பிள்ளைக்கு முன் இருந்தவை களைபிடுங்கும் வேலை, தம்பி தங்கையரைக் காக்கும் வேலை, கிளப்புக்கு அருகில் உள்ள தோட்டமாயின் பை சுமக்கும் வேலை ஆகியவையே. பை சுமந்த சிறுவன் ஆட்டத்தைக் கண்ணால் கற்றான். காற்றின் திசையை, புல்லின் சாய்வை, எந்த மட்டை எவ்வளவு தூரம் அனுப்பும் என்பதை அவன் அறிந்திருந்தான். கிட்டிப்புள் ஆடிப் பழகிய கைக்கு ஒரு தடியால் சிறு பொருளைக் குறிபார்த்து அடிப்பது புதுமையன்று. மலாய்ச் சிறுவரும் அதனைக் 'கொண்டா கொண்டி' என்னும் பெயரில் ஆடினர். வளைந்த மரக்கிளையும் தேய்ந்த பந்தும் கிடைத்தால் ஆளில்லா வேளையில் ஓரிரு அடி அடித்துப் பார்க்கலாம். அதற்குமேல் உரிமை இல்லை.

உரிமை என்னும் சொல்லைச் சும்மா பயன்படுத்தவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையின் முன்னும் கிராணிமாரின் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையாகும். மிதிவண்டி ஓட்டுவதற்கே போராட வேண்டியிருந்த நாளில், துரையின் புல்வெளியில் மட்டை பிடிப்பதைப் பற்றி யார் பேச முடியும்?

தொழிலாளரின் சொந்தத் திடல் வேறாக இருந்தது. லயங்களுக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட அந்த மண்தரையில் காலையில் பெரட்டு நடக்கும்; மாலையில் கால்பந்தும் சடுகுடுவும் நடக்கும்; திருவிழாவில் கூத்து நடக்கும். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கெடாவின் திடல்கள் மற்றொரு காட்சியையும் கண்டன. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தோன்றிய தொண்டர் படை, இளைஞர்களை அணிவகுத்து நிற்கவும் நடக்கவும் பழக்கியது. கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. உடலை வளைத்தே பழகிய மக்கள் நிமிர்ந்து நின்று பயிற்சி செய்த காட்சியே நிருவாகத்தை அச்சுறுத்தப் போதுமானதாக இருந்தது. 1947-இல் பீடோங்கிலும் கூலிம் பகுதியின் டப்ளின் தோட்டத்திலும் போலீசாருடன் மோதல்கள் நேர்ந்தன, உயிரிழப்பும் நிகழ்ந்தது. இந்நிகழ்ச்சிகள் தொழிற்சங்க வரலாற்றில் பேசப்படுகின்றன. கெடாவின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோரும் இவற்றை விட்டுவிட முடியாது. இளைஞர் கூடிப் பழகும் திடல் யாருடையது, அங்கு என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா அங்கேதான் வெளிப்படையாக எழுந்தது.

விடுதலைக்குப் பின் கால்பந்தே நாட்டின் ஆட்டமாயிற்று. அலோர்ஸ்டாரில் பிறந்தவரும், கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் மாவட்ட அதிகாரியாக இருந்தவருமான துங்கு அப்துல் ரகுமான் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்து 1957-இல் மெர்டேக்கா கால்பந்துப் போட்டியைத் தொடங்கிவைத்தார். அவர் கோல்ப் பிரியரும்கூட. ஆட்சி மாறியபோது கோல்ப் திடல்களின் கதவும் மெல்லத் திறந்தது. துரைகள் இருந்த இடத்தில் உள்நாட்டு அதிகாரிகளும் வணிகரும் வந்தனர். ஆனால் திடலின் ஓரத்தில் பையோடு நின்றவன் பெரும்பாலும் பையோடுதான் நின்றான்.

பையைக் கீழே வைத்துவிட்டு மட்டையை எடுத்த சிலரின் கதை உலகெங்கும் உண்டு. அவற்றுள் பள்ளி அணியைப் பற்றிப் பேசுவோர் மறக்கக் கூடாத பெயர் பிரான்சிஸ் விமெட். அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகில், பிரூக்லைனில், பணக்காரர்களின் கோல்ப் கழகத்துக்கு எதிர்வீட்டில் வாழ்ந்த தோட்டக்காரர் ஒருவரின் மகன் அவர். சிறுவயதிலேயே அங்குப் பை சுமந்தார். பதினாறு வயதுக்கு மேலும் அவ்வேலையைச் செய்தால் அமெச்சூர் தகுதி போய்விடும் என்பது அன்றைய விதி. எனவே அவர் பைசுமப்பதை நிறுத்தினார். அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் கோல்ப் அணி உருவாகத் துணைநின்றார். 1909-இல் பாஸ்டன் வட்டாரப் பள்ளிகளுக்கிடையிலான பட்டத்தை வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1913-இல், தம் வீட்டுக்கு எதிரே இருந்த அதே திடலில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில் இங்கிலாந்தின் பெருவீரர்களான ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் வென்று பட்டம் சூடினார். அப்போது அவருக்கு வயது இருபது. அவருடைய பையைச் சுமந்த எட்டி லோவரிக்கு வயது பத்து. சுமைதூக்கும் சிறுவனுக்கும் பட்டம் வென்ற வீரனுக்கும் இடையில் இருந்த படி ஒரு பள்ளி அணி என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இந்தியாவில் அப்படி ஒரு படி இருக்கவில்லை. பையிலிருந்து நேரே மட்டைக்குத் தாவ வேண்டியிருந்தது. டில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தையும், 1993-இல் மீண்டும் அதனையும் வென்றார். பெங்களூரில் பை சுமந்த சி. முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வென்றபோது நாடே வியந்தது. இலங்கையின் என். தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றில் வெற்றிகள் பெற்றுள்ளார். மலேசியாவில் மா. இராமையா, ப. குணசேகரன் போன்ற தமிழ்ப் பெயர்கள் தொழில்முறைக் கோல்ப் பட்டியலில் நெடுங்காலம் விளங்கின. வெளிநாட்டுப் போட்டிகளில் மலேசியாவின் பெயருக்கு எதிரே ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டு, அது எப்படி அங்கு வந்தது எனப் பிறர் வியந்திருக்கலாம். தோட்டப்புற வரலாறு அறிந்தோர்க்கு வியப்பில்லை.

இனி, பள்ளி அணி. கோல்ப் தனியாள் ஆட்டம். அதில் அணி எப்படி அமையும் என்று கேட்பவர் உண்டு. ஒவ்வொரு மாணவனும் பதினெட்டுக் குழிகளையும் தானே ஆடி, தன் அடிகளை எண்ணுகிறான். குறைந்த அடிகளில் முடித்தவன் சிறந்தவன். அணிப் போட்டியில் இந்த எண்ணிக்கைகளைக் கூட்டுவர். ஆனால் எல்லாவற்றையும் கூட்டுவதில்லை. 1958-இல் தொடங்கிய ஐசனோவர் கிண்ணம் என்னும் உலக அமெச்சூர் அணிப் போட்டியில் நால்வர் ஆடினால் சிறந்த மூவரின் எண்ணிக்கையே கணக்கில் கொள்ளப்பட்டது. இளையோர் போட்டிகள் பலவும் இம்முறையையோ இதற்கு நெருங்கிய முறையையோ பின்பற்றுகின்றன. இதன் நயம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒருவன் ஒருநாள் தடுமாறினாலும் அணி அழிவதில்லை. ஆனால் யார் தடுமாறப் போகிறான் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், நால்வரும் கடைசிக் குழி வரை ஒவ்வோர் அடியையும் பொருட்படுத்தி ஆட வேண்டும். தோழன் ஆடுவதைப் பார்க்கக்கூட முடியாது. அவன் திடலின் வேறொரு மூலையில் இருப்பான். கால்பந்தில் உள்ள ஆரவாரம் இதில் இல்லை.

நடுவரும் ஆட்டக்காரனோடு நடப்பதில்லை. எதிரணி மாணவன் ஒருவன் அவனுடைய எண்ணிக்கையைக் குறித்துவருவான். முடிவில் இருவரும் கையெழுத்திடுவர். உண்மையில் அடித்ததைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், பிறர் எவரும் காணாத ஒரு சிறு பிழைக்காகப் பாபி ஜோன்ஸ் தம்மீது தாமே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். இறுதியில் சமநிலை ஏற்பட்டு, அடுத்த நாள் ஆட்டத்தில் பட்டத்தை இழந்தார். பள்ளிகளுக்கு இவ்வாட்டம் ஏற்றது என்று வாதிடும் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டும் கதை இது. வாதம் நியாயமானதே. ஆனால் ஒழுக்கத்தைக் கற்பிக்க ஒரு பையும் ஒரு பேருந்தும் நுழைவுக் கட்டணமும் வேண்டியிருக்கின்றன என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

மலேசியப் பள்ளி விளையாட்டு மன்றம் தன் தேசியப் போட்டிகளில் கோல்பையும் சேர்த்துக்கொண்டது. மாநில அணிகள் அதில் மோதுகின்றன. கெடாவில் சுங்கைப்பட்டாணியின் சிந்தா சாயாங், கூலிம், பீடோங், லங்காவி ஆகிய இடங்களில் திடல்கள் எழுந்தபின் மாணவர்க்குப் பயிற்சிக் களம் என ஒன்று கிட்டியது. ஆனால் தமிழ்ப்பள்ளிகளோ ஆறாம் ஆண்டோடு முடிபவை. அதன்பின் பிள்ளை புகுமுக வகுப்பு வழியாகவோ நேரடியாகவோ நகரத்துத் தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் செல்கிறான். பயிற்சி தொடங்க ஏற்ற வயது எட்டு, ஒன்பது என்பர். அந்த வயதில் அவன் தோட்டப்பள்ளியில் இருக்கிறான். அங்குக் கோல்ப் இல்லை. பதின்மூன்று வயதில் நகரத்துப் பள்ளிக்கு வரும்போது, அவனோடு தேர்வுக்கு நிற்பவன் தந்தையின் மகிழுந்தில் ஐந்து ஆண்டுகள் பயிற்சிக்குச் சென்று வந்தவனாக இருக்கிறான். மாலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குச் செல்லும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவனுக்கு ஒன்பதாம் குழியைத் தாண்டி ஆட நேரமில்லை. திறமையில் அன்று, தூரத்தில்தான் முதல் தோல்வி நிகழ்கிறது.

நிலத்தின் கணக்கும் இங்கு நோக்கத்தக்கது. பதினெட்டுக் குழிகள் கொண்ட திடலுக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் வேண்டும். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி ஒரு நாளில் சுமார் நான்கு ஏக்கர் மரங்களைச் சீவுகிறார்; ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் முறையில் அவர் பொறுப்பில் எட்டு ஏக்கர் இருக்கும். ஆகவே ஒரு கோல்ப் திடல் என்பது ஏறத்தாழ இருபது பால்வெட்டுக் குடும்பங்களின் பிழைப்பு நிலம். ஒரு தோட்டம் கைமாறும்போது இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

கெடாவின் தோட்டங்கள் பலமுறை கைமாறின. 1950-களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுச் சென்றபோது அவை துண்டாடப்பட்டன, தொழிலாளர் வீடிழந்தனர். அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் தொடக்கத்தில் வாங்கிய தோட்டங்களுள் கெடாவின் புக்கிட் சிடிம் ஒன்று. 1980, 1990-களில் வந்த அலை வேறு. ரப்பர் விலை சரிந்தது, நகரம் விரிந்தது, தோட்ட நிலத்தில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் கோல்ப் திடலும் எழுந்தன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. சிலாங்கூரில் பழைய ஈயக்குழி ஒன்று கோல்ப் திடலாகி, 1999-இல் உலகக் கிண்ணக் கோல்ப் போட்டியையே நடத்தியது. இதற்கிடையே 1993-இல், பினாங்கைச் சேர்ந்த சூழல் இயக்கத்தாரும் பங்கேற்ற உலகக் கோல்ப் எதிர்ப்பு இயக்கம், திடல்கள் உறிஞ்சும் நீரையும் தெளிக்கும் நஞ்சையும் சுட்டிக்காட்டிக் குரலெழுப்பியது. நாட்டின் நெற்களஞ்சியமான கெடாவில் நீரைப் பற்றிய அக்குரலைப் புறக்கணிப்பதற்கில்லை.

இந்நிலையில் தோட்டத் தமிழர் கோல்பை எவ்வாறு நோக்குவது? நிலத்தைப் பறித்த ஆட்டம் என்று முகம் திருப்புவோரும் உளர். பிள்ளைகள் கற்றால் கல்லூரி வாய்ப்பும் தொழிலும் கிடைக்கும் என்று மட்டை வாங்கிக் கொடுப்போரும் உளர். இரு சாராரும் தத்தம் அளவில் சரியே. தோட்டம் போனபின் தோட்டத்துத் திடலும் போயிற்று என்பதை மட்டும் இருவருமே மறந்துவிடக் கூடாது. கம்பெனி நிலத்தில் நின்ற தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்குச் சொந்தத் திடல் இல்லை; பள்ளி இடம்பெயர்ந்தபோது கட்டடத்துக்கே இடம் தேட வேண்டியிருந்தது. கால்பந்துக்கே களமில்லாத பள்ளியில் கோல்ப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு சிறு வலையும் பத்துப் பழைய மட்டைகளும் பந்தை உருட்டிப் பழக ஒரு துண்டுப் புல்தரையும் போதும். தொடக்கநிலைப் பயிற்சிக்கு இவ்வளவே வேண்டும். அண்மைத் திடல் ஒன்று வாரத்துக்கு ஒரு பிற்பகல் கதவைத் திறந்தால், பேருந்துக்கு வழிசெய்தால், எஞ்சியதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர். அவர்களின் பாட்டன்மார் யாரும் கற்பிக்காமலே பாதி ஆட்டத்தைக் கற்றவர்கள்.

பந்தும் இன்று மாறிவிட்டது. 1960-களிலிருந்து செயற்கை உறையும், பின்னர்ச் செயற்கை ரப்பரால் ஆன திண்ணிய உள்ளீடும் வந்து, சுற்றிய ரப்பர் நூலை மெல்ல விரட்டின. தோட்டத்துப் பாலுக்கும் கோல்ப் பந்துக்கும் இருந்த உறவு அதனோடு அறுந்தது. பீடோங்கில் தொண்டர் படை அணிவகுத்த தோட்டத்தின் பெயரில் கோல்ப் திடல் ஒன்று எழுந்தது. ஹார்வர்ட் தோட்டப் பிரிவுகளின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் அவ்வட்டாரத்திலேயே இருக்கின்றன.